மாமனார் தோளிலிருந்த இரும்பு

என் மாமனார் நாவ் கெர் மூவாவுக்கு இடது தோளில், காறை எலும்புக்கு அடியில், புளியங்கொட்டை அளவுக்கு ஓர் இரும்புத்துண்டு இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் சாகவேண்டும் என்பது அவருடைய ஆசை. லாவோஸிலிருந்து அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்துக்கு வந்து சேர்ந்த மற்ற மோங் இனக் கிழவர்கள் வீட்டுக்கு ஆசைப்பட்டார்கள், பெரிய காருக்கு ஆசைப்பட்டார்கள். இவர் இதற்கு ஆசைப்பட்டார். அதுவும் ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, முப்பது வருடம்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. செத்தவர் உடம்போடு உலோகம் எதுவும் குழிக்குள் போகக்கூடாது. சட்டைப் பொத்தான், பெல்ட் கொக்கி, தங்கப்பல், எதுவும் கூடாது. சவப்பெட்டியில்கூட ஆணி கிடையாது, மர ஆப்புத்தான். உலோகத்தோடு போனவர் முன்னோர் இருக்கும் இடத்துக்கு நடந்து போய்ச் சேரமாட்டார். அதைவிட மோசம், அந்த உலோகத்தின் வலி பேரப்பிள்ளைகள் உடம்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். செத்தபிறகு எடுத்துவிட்டால் போகிறது என்று நினைக்காதீர்கள். பிணத்தின்மேல் கத்தி படக்கூடாது. எடுப்பதாக இருந்தால் மூச்சு இருக்கும்போதே எடுக்கவேண்டும்.

என் பெயர் மீ. நான் முதியோர் இல்லத்தில் வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டிப் படுக்கை மாற்றுகிறவள். கிருமி என்றால் என்ன, ரத்த அழுத்தம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இந்த இரும்பு விஷயத்தை நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால், பகலில் ஒரு பதில் சொல்வேன், என் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும்போது வேறு பதில் சொல்வேன். மாமா அப்படி இல்லை. அவருக்கு எப்போதும் ஒரே பதில்தான்.

அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் தொடையில் ஒரு குண்டோடு தாய்லாந்து அகதி முகாமில் செத்துப்போனார். அங்கே டாக்டரும் இல்லை, நேரமும் இல்லை. அவசர அவசரமாகப் புதைத்துவிட்டார்கள். அண்ணனின் இரண்டு பையன்களும் அமெரிக்காவுக்கு வந்து, ஒருவன் உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போய்ப் பனி உடைந்து செத்தான், மற்றவன் அதே வருடம் நெடுஞ்சாலையில் லாரிக்கு அடியில் போனான். மாமா அழாமல் சொன்னார், "அண்ணன் கூப்பிடல. அண்ணன் கால்ல இருந்த குண்டு கூப்பிட்டுது."

மாமா பிறந்தது லாவோஸ் மலையில், நெல்லும் கசகசாவும் விளைந்த ஊரில். பக்கத்து நாடான வியட்நாமில் போர் நடந்த காலத்தில், அங்கே ஒரு நாள் அமெரிக்கர்கள் உலகத்துக்குத் தெரியாமல் விமானத்தில் வந்து இறங்கினார்கள். முதலில் அரிசி கொடுத்தார்கள், பிறகு துப்பாக்கி கொடுத்தார்கள். அரிசியைத் தின்றுவிட்டுத் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாமாவுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. எதிரியின் லாரிகளை மலைமேல் உட்கார்ந்து எண்ணுவது, கீழே விழுந்த அமெரிக்க விமானியைத் தேடித் தூக்கிவருவது, இரண்டும்தான் அவர் வேலை. அப்படி ஒரு விமானியைச் சுமந்து வரும்போதுதான் பக்கத்தில் குண்டு வெடித்தது. விமானியை ஹெலிகாப்டர் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மாமா தோளில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். யார் போட்ட குண்டு என்று ஒருமுறை கேட்டேன். "எதிரியோடதா நம்மளோடதான்னு இரும்பு வாய்திறந்து சொல்லுமா?" என்றார்.

அமெரிக்கர்கள் போரில் தோற்றதும் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மாமா மனைவியையும் கைக்குழந்தையையும் மூங்கில் மிதவையில் கட்டி மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்துக்குப் போனார். அந்தக் கைக்குழந்தைதான் என் வீட்டுக்காரர் பெங். முகாமில் வருடக்கணக்கில் கிடந்து, ஒரு தேவாலயத்தார் பொறுப்பெடுத்துக்கொள்ள, ஜனவரிப் பனியில் ரப்பர் செருப்போடு செயின்ட் பாலில் வந்து இறங்கினார்கள். வான்கோழி வெட்டும் ஆலையில் வேலை. நாவ் கெர் என்று சொல்ல வாய் வரவில்லை என்று மேஸ்திரி அவருக்கு நிக் என்று பெயர் வைத்தான். கார்க் கதவில் யாரோ 'உன் ஊருக்கே திரும்பிப் போ' என்று ஆணியால் கீறிவைத்தார்கள். மாமாவுக்கு அதைப் படித்துக் காட்டியதும், "எந்த ஊருக்காம்? எரிஞ்சுபோனதுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

கையில் கொஞ்சம் ஆங்கிலம் சேர்ந்ததும் முதலில் அவர் போனது முன்னாள் ராணுவத்தாருக்கான ஆஸ்பத்திரிக்கு. அமெரிக்கா கொடுத்த துப்பாக்கியோடு அமெரிக்காவுக்காகப் போய் வாங்கியது, அமெரிக்காதான் எடுத்துவிடவேண்டும் என்பது அவர் நியாயம். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. அங்கே நடந்ததை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், அதுவும் இரண்டு குரலிலும் பேசிக்காட்டுவார்.

"எந்தப் படைல இருந்தீங்க?"

"உங்க படைலதான்."

"எந்த நாட்டுல?"

"லாவோஸ்ல."

"லாவோஸ்ல நாங்க சண்டையே போடலியே, ஐயா."

மாமா சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினாராம். "அப்போ இது எப்படி உள்ள வந்துது?"

மேசைக்குப் பின்னால் இருந்தவன் நல்ல மனிதன்தான். எழுந்து நின்று, பக்கத்து அறையில் போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, நீங்கள் எங்கள் ராணுவத்தில் இல்லை, எங்களுக்கு உதவி செய்தவர், உதவி செய்தவர்களுக்கு இங்கே வைத்தியம் கிடையாது என்று பணிவாகச் சொன்னான். ஒரு காபியும் வாங்கிக் கொடுத்தான். அந்தக் காபியைப் பற்றி மாமா நல்லவிதமாகவே பேசுவார். எனக்குத்தான் அதைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

நான் மருமகளாக வந்தபிறகு ஏழைகளுக்கான அரசாங்கக் காப்பீட்டில் அவரை டாக்டர்களிடம் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. பெங் வரமாட்டார். அவர் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, இந்த ஊர்ப் பையன்களிடம் 'நாய் தின்னி' என்று அடிவாங்கி வளர்ந்தவர். வீட்டில் சேவல் அறுத்தாலே ஜன்னல் திரையை இழுத்துவிடுவார். "அப்பா, அது வெறும் இரும்பு. ஏர்போர்ட்ல கீ கீன்னு கத்தும், அவ்வளவுதான். அதுக்குப் போய் எல்லார் உசிரையும் வாங்கறீங்களே," என்பார்.

டாக்டர் அறையில் சுவரில் முகங்கள் வரைந்த அட்டை ஒன்று மாட்டியிருக்கும். சிரிக்கிற முகம் ஒரு ஓரம், கண்ணீர் விட்டு அழுகிற முகம் மறு ஓரம். எவ்வளவு வலி என்று காட்டச் சொல்வார்கள். மாமா ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ச் சிரிக்கிற முகத்தைத் தொட்டுவிட்டு வந்து உட்காருவார்.

"மாமா, ஏன் அதைத் தொடறீங்க?"

"டாக்டர் நமக்காக நேரம் ஒதுக்கி உக்காந்திருக்கார். அவர் மூஞ்சிக்கு நேரா அழுத மூஞ்சியைக் காட்டறதாம்மா? நல்லாவா இருக்கும்?"

வலிக்காததை எதற்கு எடுக்கவேண்டும் என்று டாக்டர் கேட்பார். காப்பீட்டுக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள். ஒருமுறை, உண்மையையே சொல்லிவிடுவோம் என்று நான் முழுவதையும் மொழிபெயர்த்தேன். குழி, முன்னோர், பேரப்பிள்ளைகள், எல்லாம். டாக்டர் மிகவும் அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு மாமாவை மனநோய் டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த அம்மாள் பூப்போட்ட சட்டை போட்டிருந்தாள். மெதுவான குரலில் கேட்டாள். "செத்தவங்க குரல் உங்களுக்குக் கேக்குமா?"

"கேக்குமே," என்றார் மாமா. பிறகு என்னிடம் திரும்பி, "இவங்களுக்குக் கேக்காதாமா?"

நான் அதையும் மொழிபெயர்த்தேன். தனக்குக் கேட்பதில்லை என்றாள் அவள்.

"பாவம்," என்றார் மாமா. "அவங்க அம்மா அப்பா பேச்சுவார்த்தையே வெச்சுக்கறதில்ல போல."

மாத்திரை எழுதிக் கொடுத்தாள். மாமா அதை விழுங்கிவிட்டு ஒரு வாரம் நாற்காலியில் எச்சில் வடிய உட்கார்ந்திருந்தார். அத்தை மீதி மாத்திரையைக் கழிவறையில் கொட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பூச்சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

வலிக்கிறது என்று பொய் சொல்லச் சொல்லி நான் அவரிடம் மன்றாடியிருக்கிறேன். மாட்டேன் என்றார். வைத்தியரிடம் பொய் சொன்னால் வேறு நோய்க்கு மருந்து கொடுத்துவிடுவார் என்பார். பிறகு என் இரண்டாவது பையன் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்து விழுந்தான். ஒரே ஒரு முறைதான். காய்ச்சலால் வந்தது, இனி வராது என்று டாக்டர்கள் சொன்னார்கள், வரவும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பேரனைப் பார்த்த மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "நான் இன்னும் சாகக்கூட இல்ல. அதுக்குள்ள ஆரம்பிச்சிடுச்சு," என்றார். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மீ, எப்படிப் பொய் சொல்லணும்னு சொல்லிக்குடும்மா."

அத்தைதான் சொல்லிக்கொடுத்தாள். சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பதில் அவளை மிஞ்ச எங்கள் வட்டாரத்தில் ஆள் கிடையாது. "இந்த ஆளுக்கு முனகக்கூடத் தெரியல. வயித்துலேர்ந்து வரணும்யா, வயித்துலேர்ந்து!" என்று சமையலறையில் வைத்து அவரைப் பழக்கினாள். அடுத்த தடவை மாமா அழுகிற முகத்தைத் தொட்டார். தொட்டதோடு நிற்காமல் சுவரில் சாய்ந்து ஒரு கத்தல் கத்தினார். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கை மரத்துப்போகிறது, கரண்டி பிடிக்க முடியவில்லை, தூக்கம் இல்லை என்று நான் என் பங்குக்குச் சேர்த்துவிட்டேன். முப்பது வருட உண்மைக்குத் திறக்காத கதவு அன்றைய பொய்க்குத் திறந்தது. காப்பீட்டுக்காரர்கள் சரி என்றார்கள்.

அறுவை டாக்டர் இளைஞர், நல்ல உயரம், சிரித்த முகம். மாமாவின் கையைப் பிடித்து, "நானாச்சு, கவலைப்படாதீங்க," என்றார். உள்ளே போய் வெகுநேரம் ஆகிவிட்டது. வெளியே வந்து, எலும்பு இரும்பைச் சுற்றி வளர்ந்துவிட்டதால் சிரமப்பட்டதாகவும், ஆனால் எல்லாம் நன்றாகச் சரிசெய்துவிட்டதாகவும் சொன்னார். மூடிபோட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். உள்ளே அந்தத் துண்டு கன்னங்கரேல் என்று கிடந்தது. மயக்கம் தெளிந்த மாமா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன்.

வீட்டில் பன்றி அடித்தோம். ஆவியழைக்கும் பெரியவர் வாசலில் நின்று, வழியில் பயந்து தங்கிவிட்ட மாமாவின் உயிரைக் கூப்பிட்டு உள்ளே அழைத்தார். வந்தவர்கள் எல்லாரும் அவர் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். செத்தவர்களுக்கு முன்னோரிடம் போகும் வழியைச் சொல்லிப் பாடுகிற வா மெங் என்ற பெரியவர் அந்த இரும்பை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "அடேய் நாவ் கெர், இனி உன்னை அனுப்பிவெக்கறது எனக்கு லேசான வேலைடா," என்றார். மாமா தன் கடைசித் தங்கப்பல்லையும் அந்த வாரமே பிடுங்கிக்கொண்டார். பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராக மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சினார். பெங்கூட அன்று இரண்டு கோப்பை குடித்துவிட்டு அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தையல் ஆறியதும் மறுபடி வரச்சொல்லியிருந்தார்கள். எக்ஸ்ரே படம் எடுத்து டாக்டர் அதை வெளிச்சத் திரையில் காட்டினார். காறை எலும்பின் மேல் பளிச்சென்று ஒரு நீளத் தகடு. தகட்டிலிருந்து எலும்புக்குள் இறங்கிய ஆறு திருகாணிகள்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"துண்டை எடுக்கறப்ப எலும்பு உடைஞ்சுபோச்சு. அதான் தகடு வெச்சுப் பூட்டிட்டேன். ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு பாருங்க!" டாக்டருக்குத் தன் வேலையில் அவ்வளவு பெருமை.

மாமா திரையைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. "எப்போ எடுப்பார்னு கேளு," என்றார்.

"எடுக்கவே வேண்டாம்," என்றார் டாக்டர். "இந்த வயசுல மறுபடி மயக்கம் குடுத்துத் திறக்க எந்த டாக்டரும் சம்மதிக்கமாட்டாங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். துருவே பிடிக்காது. இது இரும்புகூட இல்லை, டைட்டானியம்."

நான் அதைச் சொன்னேன். மாமா யோசித்தார். "மண்ணுலேர்ந்து தோண்டி, நெருப்புல உருக்கினதுதானே?"

ஆமாம் என்றேன். அவர் எழுந்து டாக்டரின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். டாக்டர் அவர் முதுகைத் தட்டி, "உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் அப்படியே இருக்கும்!" என்றார்.

காரில் ஏறும்வரை நான் அந்தக் கடைசி வார்த்தையை மொழிபெயர்க்கவில்லை. ஏறியதும் அவர் கேட்டார், நான் சொன்னேன். மாமா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீடு வந்ததும், "முதல்ல இருந்தது ஒன்னு. இப்ப ஏழு," என்றார்.

வேறு டாக்டர்கள், வேறு ஆஸ்பத்திரி என்று நான் அலைந்தேன். எல்லாரும் படத்தைப் பார்த்து அருமையான வேலை என்று பாராட்டி அனுப்பினார்கள். மாமா வரவர என்னோடு வருவதை நிறுத்திவிட்டார். எனக்குக் கடைசிப் பெண் பிறந்தபோது தொட்டிலருகே நின்று பார்த்தாரே ஒழிய அவளை ஒருநாளும் தூக்கவில்லை. நடக்கப் பழகி அவள் தாத்தா என்று கையை நீட்டிக்கொண்டு போனால், அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். குழந்தை அங்கேயே நின்று அழும்.

சாவதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். "என்னைப் புதைக்கவேண்டாம். எரிச்சிடுங்க."

அத்தை கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். எங்களில் பழைய வழியில் இருக்கிறவர்கள் யாரும் எரிப்பதில்லை. எரிந்தவருக்கு நடந்துபோக உடம்பு இல்லை, மறுபடி பிறக்க வழி இல்லை.

"எரிச்சா உங்கப்பா அம்மாகிட்ட எப்படிய்யா போவே?" என்று அத்தை கத்தினாள்.

"போகமாட்டேன்," என்றார் மாமா. "எரிச்சா தகடு தனியா வந்துரும். பிள்ளைங்களுக்கு ஒன்னும் ஆகாது. அது போதும்."

பெங் எழுந்தார். அப்பாவைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அப்பா, உங்களைப் புதைக்கிறேன். எங்களுக்கு ஒன்னும் ஆகாது. நான் நம்பல இதை," என்றார்.

"நீ நம்பவேண்டாம்பா. நெருப்பு மட்டும் வெய்யி."

வசந்தத்தில் தூக்கத்தில் போனார். வழிசொல்லும் பாட்டைப் பாட வா மெங் பெரியவர் மறுத்துவிட்டார். "எரியப்போறவனுக்கு நான் எந்த வழியைச் சொல்லட்டும்? உடம்பு வேணாமா நடக்கறதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார். மூன்று நாள் மேளமும் குழலும் நடந்திருக்க வேண்டிய சாவு ஒரு காலையில் முடிந்துவிட்டது. இனத்தார் பாதிப்பேர் வரவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாடே சேர்ந்து செய்த வினைக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

மறுநாள் நானும் பெங்கும் எரியூட்டு நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண் சாம்பல் பெட்டியைக் கொடுத்தாள். கூடவே ஒரு காகிதப் பையையும் நீட்டினாள். "இது உள்ள இருந்துது. எடுத்துக்கறீங்களா? வேணாம்னா உருக்கறவங்களுக்கு அனுப்பிடுவோம். வேற யாருக்காவது உதவும்."

பெங் பையை மேசையில் கவிழ்த்தார். தகடு நிறம் மட்டும் மாறி, ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது. அவர் திருகாணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். பிறகு இன்னொரு தரம் தள்ளினார்.

"ஆறுல அஞ்சுதான் இருக்கு," என்றார்.

"சின்னது சார். காந்தத்துல இது ஒட்டாது, கையாலதான் பொறுக்கறோம். எங்கயாவது விழுந்திருக்கும், விட்டுடுங்க," என்றாள் அந்தப் பெண்.

வாழ்நாள் முழுக்க இதைக் கேலி செய்த என் வீட்டுக்காரர் கோட்டைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பெட்டியைத் திறந்து தன் அப்பாவை மேசைமேல் கொட்டி, இரண்டு கையாலும் துழாவ ஆரம்பித்தார். நானும் எதிர்ப்பக்கம் நின்று துழாவினேன். அந்தப் பெண் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் வரைக்கும் தேடினோம். கிடைக்கவில்லை.